உண்டியலுக்கு ஓர் அருங்காட்சியகம் எதற்கு? (விவாத இழை)

2024 அக்டோபர் 5, காலை 10.12: ஒரு வாசகரின் கேள்வி

ஜப்பானில் ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவில் உள்ள அமகசாகி என்னும் ஊரில், ஒரு கூட்டுறவு வங்கி உலகத்து உண்டியல்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறதாம். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 13,000 உண்டியல்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். உண்டியல் என்பது சிறுபிள்ளைகளுக்குத் திருவிழாவில் வாங்கித் தருகிற விளையாட்டுச் சாமான். மூடிய சட்டி ஒன்று, அதில் ஒரு கீறல், அவ்வளவுதான். அதைப் பதின்மூன்றாயிரம் தடவை பார்ப்பதில் என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது? வங்கியின் விளம்பரம் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? பன்றி உண்டியலைக் கண்டுபிடித்தவர்கள் ஆங்கிலேயர்கள் என்றும் எங்கோ படித்தேன். அங்கே போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அக்டோபர் 5, இரவு 9.40

போய் வந்திருக்கிறேன். கோபேயில் வேலை பார்த்த காலத்தில், மழை நாளொன்றில் வேறு போக்கிடம் இல்லாமல் போனதுதான். ஹான்ஷின் ரயிலில் அமகசாகி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1921-இல் தொடங்கிய அமகசாகி ஷின்கின் வங்கி இந்த அருங்காட்சியகத்தை 1984-இல் திறந்தது. சேகரிப்பு முழுவதையும் பார்வைக்கு வைப்பதில்லை. ஏறத்தாழ 2,500 உண்டியல்களைத்தான் பார்க்க முடியும். அதுவே ஒரு பிற்பகலுக்கு மிஞ்சிய வேலை.

விளம்பரமா என்றால், ஆம், விளம்பரமும்தான். ஊராரின் சில்லறைச் சேமிப்பில் வளர்ந்த வங்கி உண்டியலைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடும்? ஆனால் சேர்த்தவரின் நோக்கம் ஒன்றாகவும், சேர்ந்த பொருள்கள் சொல்லும் கதை வேறாகவும் இருப்பது எல்லா அருங்காட்சியகங்களிலும் நடப்பதுதான்.

முதல் அரை மணி நேரம் எனக்கும் அலுப்பாகவே இருந்தது. பூனை, ஆந்தை, வீடு, உலக உருண்டை, மறுபடியும் பூனை. பிறகு உருவங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் காசை எப்படி வெளியே எடுப்பார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். காசு உள்ளே போகும் வழி உலகமெங்கும் ஒன்றே. ஒரு நாணயத்தின் விட்டமும் தடிப்பும் அந்த வழியைத் தீர்மானித்துவிடுகின்றன. வெளியே வரும் வழிதான் வேறுபடுகிறது. உடைத்தால்தான் உண்டு என்பது ஒரு வகை. அடியில் ரப்பர் மூடி இருப்பது இன்னொரு வகை. பூட்டு இருக்கும், சாவி வீட்டில் இருக்கும். அல்லது பூட்டு இருக்கும், சாவி வேறொருவரிடம் இருக்கும். யாரிடமிருந்து யார் இந்தப் பணத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. என் கட்சி இதுதான். மற்றதை நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 6, காலை 7.05

பன்றியைப் பற்றி மட்டும் இப்போது. ஆங்கிலேயர் கண்டுபிடிப்பு என்பது நிற்காது. கிழக்கு ஜாவாவின் ட்ரோவுலானில், மஜபாஹித் அரசின் தலைநகர் இருந்த இடத்தில், 14, 15-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சுடுமண் பன்றி உண்டியல்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கொழுத்த வயிறு, குட்டைக் கால்கள், முதுகில் நீளவாக்கில் ஒரு கீறல். அந்த அரசில் புழங்கியவை பெரும்பாலும் நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனத்துச் செப்புக் காசுகள். ஜெர்மனியில் துரிங்கியா பகுதியின் பில்லெபென் என்ற ஊரில் கிடைத்த பன்றி உண்டியல் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்த இரண்டு ஊர்க் குயவர்களும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

ஏன் பன்றி? மிச்சம் மீதியைப் போட்டே வளர்க்கலாம். உயிரோடு இருக்கும்வரை பாலும் இல்லை, உழவும் இல்லை. அறுத்தால்தான் பலன் என்று பலர் விளக்கம் சொல்வார்கள். பொருந்துகிற விளக்கம்தான். ஆனால் குயவரிடம் கேட்டால் அவர் வேறு காரணம் சொல்லக்கூடும். சக்கரத்தில் மூடிய உருண்டை ஒன்றைத் திரித்து எடுத்துப் படுக்கவைத்தால் பாதிப் பன்றி தயார். காலும் காதும் மூக்கும் ஒட்டினால் மீதி. குதிரை உண்டியல் செய்து பாருங்கள், கழுத்திலேயே சிக்கிக்கொள்வீர்கள்.

அக்டோபர் 6, பிற்பகல் 1.20

கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் உண்டியலின் அடிப்பக்கத்தை எப்படிப் பார்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. குனிந்து, சில இடங்களில் ஏறத்தாழத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். பணியில் இருந்த அம்மையார் எனக்கு உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று எண்ணி நாற்காலி கொண்டுவந்து போட்டார். பூட்டும் மூடியும் இருந்தால் பெரும்பாலும் பின்புறமோ விளிம்போ காட்டிக்கொடுத்துவிடும். எதுவுமே தென்படாவிட்டால் அது உடைக்கும் வகை.

அக்டோபர் 8, இரவு 10.55

மதுரை நண்பர், உலகின் மிகப் பழைய உண்டியல் கிரேக்கர்களுடையது என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது பிரியேனேயில் கிடைத்த ஒன்றை. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையை ஒட்டிய பழைய கிரேக்க நகரம் அது. சின்னஞ்சிறு கோயில் வடிவம். கூரையின் முகப்பு முக்கோணத்தில் காசு போடும் கீறல். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பார்கள். அழகான பொருள், மறுக்கவில்லை. ஐரோப்பியப் புத்தகங்கள் இங்கிருந்துதான் கதையைத் தொடங்கும்.

எனக்கு அதைவிடச் சுவையானது சீனத்துச் சான்று. அது பொருளாக இல்லாமல் சட்டமாகக் கிடைத்திருக்கிறது. 1975-இல் ஹூபெய் மாநிலத்தின் ஷுய்ஹூதி என்ற இடத்தில், கி.மு. 217 வாக்கில் அடக்கமான ஒரு சிறு அதிகாரியின் கல்லறையைத் தோண்டினார்கள். அவரோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் இருந்தன. பெரும்பாலும் சின் அரசின் சட்டங்கள். அவற்றில் சந்தை குறித்த ஒரு விதி: கைவினைப் பொருள்களை விற்பவரும் அரசுப் பண்டங்களை விற்பவரும் காசைக் கையில் வாங்கிய உடனே உண்டியலில் போட்டுவிட வேண்டும், அப்படிப் போடுவதை வாங்க வந்தவர் கண்ணால் பார்க்க வேண்டும், மீறினால் ஒரு போர்க்கவசம் அபராதம்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த உண்டியலைத் திருடனுக்கு அஞ்சி வைக்கவில்லை. விற்பனைக்கு உட்கார்ந்திருக்கும் அரசு ஊழியனின் கைக்கு அஞ்சி வைத்தார்கள். கண்காணிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை, வாங்க வந்தவரே கண்காணிப்பாளர். நம் ஊரில் பேருந்து நடத்துநரிடம் பயணச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள் என்று எழுதிப்போடுவதும் இதே யுக்திதான், இருபத்திரண்டு நூற்றாண்டுகள் கழித்து.

கி.பி. 100 வாக்கில் தொகுத்த சீன அகராதி ஒன்று இந்த உண்டியலுக்குப் பொருள் சொல்கையில், முன்பு மண்ணால் செய்தார்கள், இப்போது மூங்கிலால் செய்கிறார்கள் என்கிறது. கணுவுக்குக் கணு அடைப்பு உள்ள மூங்கில், இறைவனே செய்து வைத்த உண்டியல். கீறல் ஒன்றைப் போடுவதுதான் மனிதன் வேலை. எங்கள் பக்கத்தில் கூரைக்கு முட்டுக்கொடுத்த மூங்கிலில் கீறல் போட்டுக் காசு சேர்த்த வீடுகள் உண்டு. வீட்டைப் பிரித்து மேயும்போதுதான் அந்த உண்டியலும் திறக்கும்.

அக்டோபர் 8, இரவு 11.30

மேலே எழுதியதற்கு ஒரு வால். கி.மு. முதல் நூற்றாண்டில் ஜாவ் குவாங்ஹான் என்ற ஹான் அரசு அதிகாரி, தன் ஆட்சிப் பகுதியில் இதே வகைப் பாத்திரத்தை வைத்து, காசுக்குப் பதிலாகப் புகார்க் கடிதங்களை அதில் போடச் சொன்னார். உள்ளே போகும், வெளியே வராது. எழுதியவர் பெயரையும் அவர் நீக்கிவிடுவார். அரசு அலுவலக வாசலில் தூசு படிந்து தொங்கும் புகார்ப் பெட்டியின் பாட்டனார் ஓர் உண்டியல் என்பதை அறிந்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

அக்டோபர் 9, காலை 6.50

கோயில் உண்டியலை எதில் சேர்ப்பீர்கள், பக்தரை நம்பாமலா அதற்குப் பூட்டு என்று கேட்டவருக்கு: பக்தர் பணம் போடுகிறார், எடுப்பதில்லை. அறநிலையத் துறை அதிகாரியும் அறங்காவலரும் முன்னிலையில் நிற்க, பூட்டைத் திறந்து, தன்னார்வலர்களை வரிசையாக உட்காரவைத்து, கேமரா ஓடும்போது எண்ணுகிறார்களே, அது எவருக்காக என்று நினைக்கிறீர்கள்? சின் அரசின் விதியேதான்.

அக்டோபர் 12, பிற்பகல் 4.15

லண்டனின் ரோஸ் நாடக அரங்கைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். 1587-இல் பிலிப் ஹென்ஸ்லோ கட்டிய அரங்கம் அது. அதன் அடித்தளத்தை 1989-இல் தோண்டியபோது, பச்சை மெருகு பூசிய மண் உண்டியல்களின் துண்டுகள் நிறையக் கிடைத்தன. வெங்காயம் போன்ற உருண்டை, உச்சியில் ஒரு குமிழ், தோளில் கீறல். வாசலில் நின்று ஆளுக்கு ஒரு பென்னி வாங்குபவர்கள் கையில் இதைக் கொடுத்திருப்பார்கள். காசு வாங்குபவர்கள் சுருட்டிவிடுகிறார்கள் என்ற முறைப்பாடு அக்காலத்து நாடகக்காரர்களின் கடிதத்திலேயே இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் உள்ளே கொண்டுபோய் எல்லார் முன்னிலையிலும் உடைப்பது. மறுநாளுக்குப் புதிய உண்டியல்கள். மண் உண்டியலின் விலை அற்பம். உடைந்ததை ஒட்ட முடியாது, ஒட்டினாலும் தெரிந்துவிடும். பூட்டைவிட இது மேலான முத்திரை. பூட்டுக்குக் கள்ளச்சாவி உண்டு, மண்ணுக்குக் கிடையாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அமகசாகியில் நின்றபோது எனக்கு இது உறைக்கவில்லை. திரும்பும் ரயிலில்தான் உறைத்தது. தன் வேலையைச் செய்து முடித்த மண் உண்டியல் உடைந்து குப்பைக்குப் போய்விட்டது. பேழைக்குள் முழுசாக, பளபளப்பாக உட்கார்ந்திருக்கும் மண் உண்டியல் எதுவும் வேலைக்குப் போகாத உண்டியல்: கடையில் விற்காமல் நின்றது, பரிசாக வந்து அலமாரியில் தங்கியது, அல்லது சேகரிப்பவர் நேரே குயவரிடம் வாங்கியது. ரோஸ் அரங்கத்து உடைசல்கள் அப்படி அல்ல. அவை பணம் பார்த்தவை. ட்ரோவுலான் பன்றிகளிலும் துண்டுகளாகக் கிடைத்து ஒட்டியவற்றுக்கே நான் மதிப்புக் கொடுப்பேன். இரும்பும் தகரமும் இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்துவிட்டன. திறந்து மூடித் திறந்து மூடி ஒரு தலைமுறை உழைத்துவிட்டுப் பேழைக்குள் வந்திருக்கின்றன. ஆகவே எந்த உண்டியல் அருங்காட்சியகத்திலும் இரும்பின் சாட்சியம் அதிகமாகவும், அதைவிட நூறு மடங்கு அதிகமாகப் புழங்கிய மண்ணின் சாட்சியம் குறைவாகவும் இருக்கும்.

அக்டோபர் 12, இரவு 8.00

துண்டுகளை மட்டும் வைத்து அருங்காட்சியகம் நடத்தினால் யார் வருவார்கள் என்கிறார் ஒருவர். நான் போவேன். அந்த அம்மையார் நாற்காலியோடு காத்திருப்பார்.

அக்டோபர் 15, இரவு 9.10

குயவர் வேலையைப் பற்றி ஓரிருவர் கேட்டிருந்தீர்கள். ஊரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சூளை இருந்தது. பொங்கல் பானை வேலை ஓய்ந்த பிறகு உண்டியல் செய்வார்கள். சக்கரத்தில் களிமண்ணை எழுப்பி, வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் விரல் நுனியில் திருகி மூடிவிடுவார் பெரியவர். அதுவரை பானை, அந்தத் திருகலுக்குப் பிறகு உண்டியல். நிழலில் பாதி காய்ந்ததும் மூங்கில் சிராயால் கீறல் போடுவார். சூளைக்குப் போகும் முன் கீறல் போட்டாக வேண்டும். மூடிய உருண்டையை அப்படியே சுட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து வெடித்து, பக்கத்தில் அடுக்கிய பத்துப் பானைகளையும் சேர்த்து நாசமாக்கிவிடும்.

வெளியிலிருந்து சிராயை அழுத்துவதால் களிமண் உள்பக்கம் பிதுங்கி, கீறலின் இரு ஓரத்திலும் ஒரு வரப்பு நிற்கும். வெளி ஓரத்தை ஈரத்துணியால் தடவிவிடுவார். உள்வரப்பைத் தொட மாட்டார், கை எட்டவும் எட்டாது. கவிழ்த்துக் குலுக்கும்போது காசு அந்த வரப்பில் தட்டித் திரும்பிவிடும். அதனால்தான் வெறுமனே குலுக்கிக் காசு எடுப்பது அவ்வளவு கடினம். அதற்கென்று நாங்கள் கண்ட வழி இரண்டு தென்னை ஈர்க்கு: உண்டியலைத் தலைகீழாகப் பிடித்து, ஈர்க்குகளை இணையாகக் கீறலில் செருகி, மெதுவாகச் சாய்த்தால் காசு தண்டவாளத்தில் வருவதுபோல் வழுக்கி வரும். வளைந்து வளைந்து பூப்போல ஓரம் கொண்ட பழைய பத்துக் காசு மட்டும் எப்போதும் சிக்கும். மேலைநாட்டுப் பிள்ளைகள் இதற்கு மேசைக்கத்தியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், தத்துவம் ஒன்றே.

அக்டோபர் 16, காலை 7.30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய சகோதரியின் குறிப்பு இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது: அவருடைய அம்மா உண்டியலை ஒருநாளும் நம்பியதில்லை, பணம் எல்லாம் அரிசிப் பானைக்குள்தான். எங்கள் வீட்டில் கடுகு டப்பா. உண்டியல் அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும். அவசரம் என்றால் அப்பா முதலில் அதைத்தான் தேடுவார், நாளைக்குப் போட்டுவிடுகிறேன் என்பார். சிறுவாட்டுப் பணத்துக்குக் கீறலும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். இருக்கிறது என்றே தெரியக்கூடாது. வீட்டுப் பணத்தில் பெரும்பங்கைக் காத்தவை இந்தக் கடுகு டப்பாக்களும் அரிசிப் பானைகளும்தான் என்பது என் எண்ணம். ஆனால் எந்த அருங்காட்சியகத்திலும் அவை உண்டியல் வரிசையில் இடம்பெறப் போவதில்லை. பார்த்தால் கடுகு டப்பா போலத்தானே இருக்கும்? அதுதானே அதன் வெற்றியும்.

அக்டோபர் 20, இரவு 10.20

எல்லாவற்றையும் சந்தேகம் என்ற ஒரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறீர்கள், வேடிக்கைக்காகச் செய்த உண்டியலே இல்லையா என்று ஒரு கண்டனம் வந்திருக்கிறது. ஓரளவு நியாயமான கண்டனம். அமெரிக்க எந்திர உண்டியல்களுக்கு என் கட்சி முழுதாகப் பொருந்தாது.

1869-இல் காப்புரிமை பெற்ற, ஹால் என்பவரின் உண்டியலில் தொடங்கி, அடுத்த சில பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான வார்ப்பிரும்பு எந்திர உண்டியல்கள் அங்கே வந்தன. கனெக்டிகட் மாநிலத்தின் குரோம்வெல் ஊரில் இருந்த ஜே. அண்ட் இ. ஸ்டீவன்ஸ் நிறுவனம் இதில் பெரிய பெயர். காசை வைத்தால் நாய் வளையத்துக்குள் பாயும், கழுதை உதைக்கும், சுவிட்சர்லாந்துக் கதை வீரர் வில்லியம் டெல் ஆப்பிளைச் சுடுவார். சேமிக்கச் சொல்லித்தரும் பொருள் என்று பெற்றோரிடம் விற்றார்கள். பிள்ளைகள் வேடிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்காகக் காசு கேட்டு நச்சரித்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

அவற்றில் டாமனி உண்டியலை மட்டும் என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். 1870-களில் வந்தது. நாற்காலியில் கோட்டு அணிந்த ஒரு தொந்தி மனிதர். அவருடைய வலக்கையில் காசை வைத்ததும் அதன் கனத்தில் கை தாழ்ந்து, காசு நேராகக் கோட்டுப் பைக்குள் போய்விடும், அவர் தலையாட்டி நன்றி சொல்வார். நியூயார்க் நகரின் கருவூலத்தைச் சுரண்டிச் சிறைக்குப் போன வில்லியம் ட்வீடும் அவருடைய டாமனி கட்சிக் கூடாரமும்தான் இலக்கு. ஊழல் அரசியல்வாதியின் பையிலேயே பிள்ளையின் காசைச் சேர்த்து வைத்த அந்த நகைச்சுவையை நான் வெகுவாக மதிக்கிறேன்.

அக்டோபர் 20, இரவு 11.45

எந்திர உண்டியல்களைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் தூங்கப் போக முடியவில்லை. அந்தக் காலத்தில் மிக அதிகமாக விற்ற வகைகளில் ஒன்று, கறுப்பின மனிதரின் மார்பளவு உருவம். தடித்த சிவப்பு உதடு, பிதுங்கிய கண், நீட்டிய கை. காசை வைத்து நெம்புகோலை அழுத்தினால் அவர் காசை விழுங்கிக் கண்ணை உருட்டுவார். 1880-களில் அமெரிக்காவில் தொடங்கி, இங்கிலாந்து வார்ப்பாலைகளிலும் பல பத்தாண்டுகள் இதைச் செய்தார்கள். ஜெர்மானியத் தேவாலயங்களில் மிஷன் பணிக்குக் காசு போட்டால் தலையாட்டி நன்றி சொல்லும் கறுப்பினச் சிறுவன் உருவங்களும் இருந்தன. சேமிப்பையும் தானத்தையும் பழக்கும் அதே நேரத்தில் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதையும் ஐந்து வயதிலேயே பழக்கிவிட்டார்கள்.

இவற்றை அருங்காட்சியகங்கள் மறைக்க வேண்டும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் வில்லியம் டெல்லுக்கும் பாயும் நாய்க்கும் நடுவில், வெறும் ஆண்டும் உலோகமும் எழுதிய அட்டையோடு நிற்கவைப்பது அதைவிட மோசம். மிச்சிகனில் ஃபெர்ரிஸ் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஜிம் குரோ அருங்காட்சியகம் இத்தகைய பொருள்களை இனவெறியின் வரலாற்றோடு சேர்த்தே காட்டுகிறது. அவற்றுக்கு உரிய இடம் அதுவே.

அக்டோபர் 30, காலை 8.00

இன்று உலக சிக்கன நாள். முதலமைச்சரின் வாழ்த்துச் செய்தி செய்தித்தாளில் வரும் நாள். 1924 அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகரில் சேமிப்பு வங்கிகளின் முதல் உலக மாநாடு நடந்தது; அதன் கடைசி நாளான 31-ஐ உலகம் முழுவதும் கொண்டாடுகிறார்கள். இந்த ஆண்டு அதற்கு நூறு வயது. 1984-இல் அதே 31-ஆம் தேதி இந்திரா காந்தி கொல்லப்பட்டதால் இந்தியாவில் மட்டும் ஒரு நாள் முன்னதாக.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இன்னமும் இந்த நாளில் பிள்ளைகள் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போவதுண்டு. வங்கியில் திறந்து எண்ணிக் கணக்கில் சேர்த்துவிட்டுப் பரிசு ஒன்று கொடுப்பார்கள். சாவி வங்கியிடம் இருக்கும் உண்டியல்களின் காலம் அங்கே நீண்டது. எங்கள் வீட்டிலும் ஒரு வங்கி கொடுத்த எஃகு உண்டியல் இருந்தது. உள்ளங்கை அளவு, அடுப்படிப் புகையில் மங்கிய பச்சை வண்ணம். மேலே காசுக்குக் கீறல். அதன் உள்ளே சாய்வாகத் தொங்கும் ஒரு தகர நாக்கு, காசு போகும்போது வழிவிட்டுத் திரும்பும்போது மறித்துக்கொள்ளும். பக்கவாட்டில் நோட்டைச் சுருட்டிச் செருக ஒரு வட்டத் துளை. ஈர்க்கு வித்தை அந்த நாக்கிடம் பலிக்கவில்லை. வங்கிக்காரர் யாரிடமிருந்து அந்தப் பணத்தைக் காத்தார்? உண்டியலுக்குச் சொந்தக்காரரான எங்களிடமிருந்துதான். அதற்கு நாங்களே சம்மதித்துக் கையெழுத்தும் போட்டிருந்தோம்.

நவம்பர் 2, பிற்பகல் 2.30

போர்க்கால உண்டியல்கள் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக. 1917 நவம்பரில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிஜப் பீரங்கி டாங்கி ஒன்றை நிறுத்தி, அதனிடமே மக்கள் போர்க்கடன் பத்திரம் வாங்கும்படி செய்தார்கள். ஊர் ஊராக டாங்கிகள் போயின. 1918 தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஒரே வாரத்தில் 1.4 கோடி பவுண்டுக்கு மேல் திரண்டது. டாங்கி வடிவ உண்டியல்கள் அந்த மோகத்தின் பிள்ளைகள். ஜப்பானில் 1938-இல் அரசு தேசிய சேமிப்பு இயக்கம் தொடங்கியது. 1941-இல் இரும்பையும் செம்பையும் ஆயுதத்துக்காகத் திரட்டும் ஆணை வந்தது. குண்டு வடிவ உண்டியலைப் பீங்கானில் செய்தார்கள், உலோகம் நிஜக் குண்டுக்குப் போய்விட்டதால். சேமித்தவர்கள் போருக்குப் பிறகு விலைவாசி ஏற்றத்தில் அந்தப் பணத்தின் மதிப்பு கரைவதைப் பார்த்தார்கள். உண்டியலின் பூட்டு அதற்கு எதிராக ஒன்றும் செய்ய முடியாது.

நவம்பர் 9, இரவு 9.25

இன்றைய ஜப்பான் எப்படி என்று கேட்டவருக்கு. நூறு யென் கடைகளில் 300,000 யென் சேரும் என்று அச்சடித்த தகர உண்டியல் கிடைக்கும். 500 யென் நாணயமாகப் போட்டால் 600 நாணயம், எடை நாலு கிலோவுக்குச் சற்று மேல். மூடி கிடையாது, மீன் டின் திறக்கும் கருவியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மண் உண்டியலின் தத்துவத்தைத் தகரத்தில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வெட்டிய பிறகுதான் வேடிக்கை. ஜப்பானில் அஞ்சலகச் சேமிப்பு 1875-இல் தொடங்கியது. ஒவ்வொரு காசாகச் சேர்க்கச் சொல்லி நாட்டுக்குப் பாடம் எடுத்ததே அந்த அமைப்புதான். அதன் வழிவந்த வங்கி 2022 ஜனவரியிலிருந்து அதிகமான நாணயங்களை முகப்பில் கொண்டுவந்தால் கட்டணம் வாங்குகிறது. 600 நாணயத்துக்கு 1,100 யென். அந்த 600-உம் ஒரு யென் நாணயமாக இருந்தால் சேமித்ததைவிடக் கட்டணம் அதிகம். பின்பு 2024 ஏப்ரலில் 100 நாணயம் வரை இலவசம் என்று இறங்கி வந்தார்கள்.

நம் ஊரும் சளைத்ததல்ல. பத்து ரூபாய் நாணயத்தைக் கடைகள் வாங்க மறுத்தபோது, 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிக்கை விட வேண்டியிருந்தது. என் உண்டியல் காசை ஒரு வங்கிக் கிளைக்குக் கொண்டுபோனபோது, எண்ணும் ஆள் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வாரமும் விடுப்பு. 2022-இல் சேலத்து இளைஞர் ஒருவர் 2.6 லட்சம் ரூபாயை ஒரு ரூபாய் நாணயங்களாகவே கொடுத்து பைக் வாங்கினாரே, அந்தக் கடைக்காரருக்குத்தான் சிலை வைக்க வேண்டும்.

நவம்பர் 17, காலை 11.00

கடைசியாக வந்த கேள்வி: பாட்டி காலத்து மண் உண்டியல் ஒன்று வாய் வரை நிறைந்தபடியே பரணில் கிடைத்திருக்கிறது, உடைக்கலாமா, அப்படியே வைக்கலாமா? மேலே நான் சொன்ன கணக்குப்படி இது அபூர்வப் பொருள். வேலைக்கும் போனது, உடையாமலும் இருக்கிறது. பண ஆசையால் உடைக்க வேண்டாம். 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. உள்ளே அலுமினியக் காசுகளே அதிகம் இருக்கும்.

உடைப்பதென்றே முடிவு செய்தால், முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நாலாபுறமும் படம் எடுங்கள். சுத்தியலால் நொறுக்காமல், கீறல் இல்லாத பக்கத்தில் இரும்பறுக்கும் ரம்பத்தால் ஒரு சன்னலாக அறுங்கள். காசுகளை மொத்தமாகக் கொட்டாமல் மேலிருந்து அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் கிடைக்கும் ஆண்டுகளை எழுதுங்கள். பரணுக்கு ஏற்றும்போது குலுங்கியிருக்கும் என்றாலும், அடியில் கிடப்பவற்றின் ஆண்டுகள் பாட்டி எப்போது சேர்க்கத் தொடங்கினார் என்பதை ஏறத்தாழச் சொல்லிவிடும். கீறலின் உள்வரப்பு தேய்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக இருந்தால் யாரோ ஈர்க்கு விட்டிருக்கிறார்கள். அறுத்தெடுத்த ஓட்டுத் துண்டை வெளியே எறிய வேண்டாம், காசுகளோடு அதே துணியில் முடிந்து வையுங்கள்.